ஷிதேயும் அம்மாவும் ஜின்னும்

பேய்ப்படம் எண்டா எனக்குப் பெரிய விருப்பமில்ல. பயத்தில சொல்லேல்ல, அலுப்பில தான் சொல்றன். ஒரு பெரிய பங்களா, அதுக்குப் புதுசாக் குடிவந்த ஒரு குடும்பம், ராவில கதவு தன்பாட்டில திறக்கும், தட்டு முட்டுச் சாமான் பறக்கும், இவை ஏன் இன்னும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடாம இருக்கினம் எண்டு பாக்கிற நாங்க தான் கதிரையில இருந்து கத்தவேணும். 2016ல வந்த 'அண்டர் த ஷேடோ' எனக்குப் பிடிச்சதுக்கு முதல் காரணமே இது தான், அந்தக் கேள்விக்கு இந்தப் படத்தில ஒழுங்கான பதில் இருக்கு. ஏன் அந்தத் தாய் வீட்டை விட்டுப் போகேல்ல எண்டுறது தான் முழுக் கதையும்.

இது பிரிட்டிஷ் படம். ஆனா ஆக்கள் கதைக்கிறது முழுக்கப் பாரசீகம், கதை நடக்கிறது தெஹ்ரானில, படம் எடுத்தது ஜோர்தானில. பிரிட்டன், கட்டார், ஜோர்தான் எல்லாம் சேர்ந்த கூட்டுத் தயாரிப்பு (எங்கட வீட்டு மனுசனும் கட்டாரில தான் வேலை, ஆனா அவர் இதுக்கு ஒரு ரியாலும் போடேல்ல). எடுத்தவர் பாபக் அன்வரி, தெஹ்ரானில பிறந்து போர்க்காலத்தில சின்னப்பிள்ளையா இருந்து பிறகு இங்கிலாந்துக்கு வந்தவர், இது தான் அவற்ற முதல் முழுநீளப் படம். பெரிய ஸ்டார் ஒருத்தரும் இல்ல, ஒரு பிளாட், ஒரு படிக்கட்டு, ஒரு நிலக்கீழ் அறை, ஒண்டரை மணித்தியாலம் கூட இல்லாத படம். என்ர பிரெண்ட் ஒருத்தி பென் டிரைவில போட்டுத் தந்து "பிள்ளை நித்திரையான பிறகு பார்" எண்டு சொன்னவள். பிள்ளை நித்திரையாகிட்டாள், அம்மா நித்திரையாகேல்ல, அதால ரெண்டு பேருமாத்தான் பாத்தம். அம்மாவுக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் அந்த வேகத்தில வாசிக்கேலாது, நான் பக்கத்தில இருந்து தமிழில சொல்லிக்கொண்டு வந்தன். கொஞ்ச நேரத்தில "நீ சும்மா இரு, எனக்கு விளங்குது" எண்டுட்டா.

கதை 1988. ஈரான் ஈராக் போர் தொடங்கி எட்டு வருஷமாகுது, அந்த வருஷம் ஓகஸ்டில முடியப்போகுது, ஆனா படத்தில இருக்கிற ஆருக்கும் அது தெரியாது. ஷிதே எண்டுறவள் மெடிக்கல் படிச்சுக்கொண்டு இருந்த பெட்டை, புரட்சி நேரம் இடதுசாரிக் கூட்டங்களோட திரிஞ்சவள். புரட்சிக்குப் பிறகு ஈரானில 1980ல யூனிவர்சிட்டி எல்லாத்தையும் இழுத்து மூடி, திரும்பத் திறக்கேக்க வேண்டாத ஆக்களை வடிகட்டித்தான் உள்ள எடுத்தவை. ஷிதே கலியாணம் கட்டி, பிள்ளையும் பெத்து, இப்ப திரும்பப் படிக்க விடுங்கோ எண்டு கேட்டு ஒரு அதிகாரிக்கு முன்னால வந்து இருக்கிறாள். அவர் மேசைக்கு அங்கால. அவருக்குப் பின்னால பெரிய யன்னல், யன்னலுக்கு வெளிய நகரம். உனக்கு இனி இங்க இடமில்ல, வாழ்க்கையில வேற ஏதாவது பார் எண்ட மாதிரி அவர் சொல்லிக்கொண்டு இருக்கேக்க தூரத்தில குண்டு ஒண்டு விழுந்து புகை எழும்புது. ஒருக்காத் திரும்பிப் பாத்திட்டுக் கதையைத் தொடருகினம். படத்தில வாற எந்த ஜின்னும் (முஸ்லிம் நம்பிக்கையில வாற, கண்ணுக்குத் தெரியாத ஒரு படைப்பு) என்னை இவ்வளவு உலுப்பேல்ல.

அம்மா இந்த இடத்தில தான் சாய்மனைக் கதிரையில நிமிர்ந்து இருந்தா.

அம்மா 74ல யூனிவர்சிட்டிக்குப் போறதுக்கான ஏ.எல். சோதினை எடுத்தவ, பயோ. அந்தக் காலத்துத் தரப்படுத்தலைப் பற்றி எங்கட ஆக்களுக்கு நான் வகுப்பெடுக்கத் தேவையில்ல, எண்டாலும் இளம் பிள்ளையள் வாசிச்சா தெரியட்டும். 1971 யூனிவர்சிட்டி அனுமதியில மெடிசினுக்குத் தமிழ் மீடியத்துக்கு 400க்கு 250 மார்க் வேணும், சிங்கள மீடியத்துக்கு 229 காணும். பிறகு 74ல மாவட்டக் கோட்டாவும் வந்து சேர்ந்து யாழ்ப்பாணப் பிள்ளையளுக்கு இன்னும் இறுகினது. அம்மா கொஞ்ச மார்க்கில தவறி, பிறகு சயன்ஸ் டீச்சரா வந்தவ. இதை அவ ஒரு நாளும் சோகக்கதையாச் சொல்லி நான் கேக்கேல்ல, எங்கட வீட்டில அது சும்மா ஒரு தகவல், பெரியப்பாட சைக்கிள் களவு போன கதை மாதிரி. ஆனா இப்பவும் வெள்ளவத்தையில எங்கட பிளாட்டில ஆருக்காவது பிளட் ரிப்போர்ட் வந்தா டொக்டரிட்டப் போக முதல் எங்கட வீட்டுக்குத்தான் வரும், அம்மா கண்ணாடியைப் போட்டு "கிரியேட்டினின் கொஞ்சம் கூடத்தான்" எண்டு சொல்லுவா.

ஷிதே வீட்ட வந்து மெடிக்கல் புத்தகம் எல்லாத்தையும் அள்ளிக் குப்பைக்கு எறியிறாள். ஒரு புத்தகத்தை மட்டும் எறிய மனம் வராது, செத்துப்போன தாய் எழுதிக் குடுத்த புத்தகம், அதை லாச்சிக்குள்ள வச்சுப் பூட்டுறாள். நான் தொண்டை அடைச்சுப்போய் இருக்கிறன், அம்மா சொல்றா, "எறியாம வித்திருக்கலாம், அந்தப் புத்தகமெல்லாம் என்ன விலை."

புருஷன் இராஜ் டொக்டர். அவன் படிச்சு முடிச்சிட்டான், இவள் முடிக்கேல்ல, வீட்டுக்குள்ள அந்தப் புளிப்பு எப்பவும் கிடக்கு. கெட்ட மனுசன் இல்ல அவன், அது தான் பிரச்சினை. இதுவும் ஒரு விதத்தில நல்லதுக்குத்தான் எண்டு ஆறுதல் சொல்றன் எண்டு வெளிக்கிட்டு அவளை இன்னும் நோகடிப்பான். அவனுக்குச் சண்டை நடக்கிற பக்கம் போய் டொக்டர் வேலை செய்யச் சொல்லிக் கடிதம் வருது. போக முதல், நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என்ர அம்மா அப்பா வீட்ட போ, அங்க குண்டு விழாது எண்டுறான். ஷிதே மாட்டன் எண்டுறாள்.

"போயிருக்கலாம்" எண்டன் நான். மகளை வச்சுக்கொண்டு இந்தப் பிடிவாதம் என்னத்துக்கு.

அம்மா படத்தை நிப்பாட்டச் சொன்னா. நிப்பாட்டிப்போட்டுச் சொன்ன கதை இது. 87ல அண்ணா கைக்குழந்தை, நான் பிறக்கேல்ல. அப்பா கொழும்பில ஒரு கந்தோரில கிளார்க், லீவு கிடைச்சா யாழ்தேவியில வருவார், இல்லாட்டிக் கடிதம் தான். அம்மா கரவெட்டியில, தாய் வீட்டில. அந்த வடமராட்சிப் பக்கத்தில ஆமியின்ர ஒப்பரேசன் லிபரேசன் தொடங்கினது அந்த வருஷம் மே மாசம், அதுக்கு முதலே பொம்மர் (குண்டு போடுற விமானம்) வாறதும் ஷெல் விழுறதும் தான். அப்பா ஒவ்வொரு கடிதத்திலயும் சாவகச்சேரியில தன்ர அம்மா வீட்ட போய் இருக்கச்சொல்லி எழுதுவாராம். அம்மாவும் ஒருக்காப் போனவவாம். கொஞ்ச நாளில திரும்பி வந்திட்டா. "பொம்மரை எண்டாலும் பங்கருக்குள்ள இருந்து சமாளிக்கலாம், மாமிட வாய்க்கு எந்தப் பங்கருக்குள்ள போறது? பால் காணாது எண்டுவா, பிள்ளையைத் தூக்கத் தெரியேல்ல எண்டுவா, படிச்ச பொம்பிளையளுக்கு இதெல்லாம் வராது எண்டுவா. குண்டு விழுந்தா ஒரு தரம் தானே சாவு." சொல்லிப்போட்டு, சரி போடு எண்டா. அதுக்குப் பிறகு நான் ஷிதேயைக் குறை சொல்ல வாய் திறக்கேல்ல.

உண்மையில படம் பயப்படுத்திறது இந்த இடத்தில தான் எண்டு எனக்குப் படுது. ஷிதேக்குச் சுத்தவர இருக்கிற எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் வேற வேற குரலில சொல்லினம். நீ நல்ல தாய் இல்ல. புருஷன் நாசூக்காச் சொல்றான், பக்கத்து வீட்டு மனுசி பார்வையால சொல்றா, அரசாங்கம் சட்டம் போட்டுச் சொல்லுது. கடைசியில அந்த ஜின்னும் வந்து மகளிட்ட அதையே சொல்லுது, உன்ர அம்மாவுக்கு உன்னைப் பாக்கத் தெரியாது, நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு. ஒரு பேய் வந்து வடிவாக் கழுத்தை நெரிச்சுப்போட்டுப் போனா சமாளிக்கலாம். நாங்களே ராவில படுத்திருந்து எங்களைப் பற்றி நினைக்கிறதை அது வந்து சொல்லத் தொடங்கினா என்ன செய்யிறது?

போன் சீன் ஒண்டு இருக்கு. இராஜ் சண்டைப் பக்கத்தில இருந்து எடுக்கிறான், லைன் இரையுது, குரல் விட்டு விட்டுக் கேக்குது, கொஞ்சம் கொஞ்சமா அந்தக் குரல் மாறி இவளைத் திட்டத் தொடங்குது, நீ ஒண்டுக்கும் உதவாதவள் எண்டு. அது அவனா, ஜின்னா, இவளிட மண்டைக்குள்ள ஓடுற குரலா எண்டு படம் சொல்லாது. எனக்கு இந்தச் சீன் வேற மாதிரி வேலை செய்தது. வாட்ஸப் கோலில என்ர மனுசன் டோஹாவில இருந்து "பிள்ளை ஏன் மெலிஞ்சு போய் இருக்கிறாள்" எண்டு கேட்டு, அந்த நேரம் பாத்து நெட் அறுந்து, அந்த ஒரு வசனம் மட்டும் மூஞ்சையில ஒட்டிக்கொண்டு நிண்டா எப்பிடி இருக்கும் எண்டு அனுபவிச்ச ஆக்களுக்குத் தெரியும். பாவம் அவர் ஒண்டும் நினைச்சுக் கேக்கேல்ல. இராஜும் ஒண்டும் நினைச்சுச் சொல்லேல்ல.

குண்டு வாற விஷயத்துக்கு வருவம். போர் தொடங்கின காலத்தில ஈராக்கிட்ட இருந்த ஸ்கட் மிசைல் 300 கிலோமீட்டர் தான் போகும், எல்லையில இருந்து தெஹ்ரானுக்கு அது எட்டாது. பிறகு அதை நீட்டி, குண்டின்ர பாரத்தைக் குறைச்சு, அல் ஹுசைன் எண்டு 600 கிலோமீட்டருக்கு மேல போற மாதிரி மாத்தி, 88 பெப்ரவரிக் கடைசியில இருந்து ஏப்ரல் மட்டும் தெஹ்ரானுக்கு மட்டுமே நூற்றுக்கு மேல அடிச்சினம். சனம் கூட்டம் கூட்டமா நகரத்தை விட்டு வெளிக்கிட்டது. படத்தில இது கணக்கா வராது, பிளாட்டில இருக்கிற குடும்பங்கள் ஒவ்வொண்டா சாமான் கட்டிக்கொண்டு போறதாத்தான் வரும். ஒவ்வொரு சைரனுக்கும் நிலக்கீழ் அறையில கூடுற ஆக்கள் குறைஞ்சு குறைஞ்சு கடைசியில தாயும் மகளும் மட்டும். ஒரு ஒப்பாரியும் இல்லாம ஒரு கட்டிடம் காலியாகிறதை இவ்வளவு வடிவாக் காட்டின படம் நான் பாக்கேல்ல.

யன்னல் கண்ணாடியெல்லாம் டேப்பால பெருக்கல் அடையாளம் மாதிரி ஒட்டியிருக்கும், அதிர்ச்சியில உடைஞ்சாலும் சிதறாம இருக்க. அம்மா அதைப் பாத்திட்டு, "எங்களுக்கு எங்க கண்ணாடி, பலகை யன்னல் தானே" எண்டா. சைரனைக் கேட்டிட்டு, "எங்களுக்கு ஆர் சைரன் ஊதினது, நாய் ஒரு மாதிரி ஊளையிட்டா பொம்மர் வருது எண்டு ஓடுறது தான், எங்களுக்கு முதல் அதுகளுக்குக் கேக்கும்" எண்டா. படம் பாக்கிறாவா, அளந்து பாக்கிறாவா எண்டு எனக்குச் சிரிப்பும் வந்தது.

பிளாட்டுக்கு மேல் மாடியில மிசைல் ஒண்டு வந்து கூரையைப் பிச்சுக்கொண்டு விழும், வெடிக்காது. அந்த வீட்டுக் கிழவர் அந்த அதிர்ச்சியில நெஞ்சைப் பிடிச்சு விழுந்திடுவார். உடன எல்லாரும் ஷிதேயை இழுத்துக்கொண்டு போவினம், நீ டொக்டருக்குப் படிச்சனி தானே எண்டு. இவள் ஏறிக் குந்தி நெஞ்சில அமத்துறாள், அமத்துறாள், மூச்சுக் குடுக்கிறாள், மேல கூரையில ஓட்டை, பக்கத்தில அந்தப் பெரிய இரும்பு மிசைல் சும்மா கிடக்கு, மனுசன் எழும்பேல்ல. உனக்குப் படிக்கத் தகுதியில்ல எண்டு மேல இருந்து சொல்லியாச்சு, ஆனா உயிர் போற நேரம் படிச்ச ஆள் நீ தானே எண்டு கூப்பிடுவினம், காப்பாத்தேலாமல் போனா அதுவும் உன்ர தலையில. அம்மா இதில ஒண்டும் சொல்லேல்ல. அதுக்குப் பிறகு தான் ஷிதேட வீட்டுச் சீலிங்கில வெடிப்பு வாறதும், மகள் டோர்சாட பொம்மை காணாமல் போறதும், அதுக்குள்ளால தான் அவை வந்தவை எண்டு மகள் சொல்லத் தொடங்கிறதும்.

ஜின் விஷயத்தில எனக்கு வாத்தியார் எங்கட பிளாட்டில கீழ் வீட்டில இருக்கிற முஸ்லிம் அன்ரி. அடுத்த நாள் படிக்கட்டில கண்டு கேட்டன், ஜின் எண்டா எங்கட பேய் மாதிரியா எண்டு. "அது வேற, பேய் வேற புள்ள, குர்ஆன்லயே ஜின்னுக்கெண்டு ஒரு சூறா, ஒரு அத்தியாயம் ஈக்கி" எண்டா. மனுசரை மண்ணில படைச்ச மாதிரி அவங்களைப் புகையில்லாத நெருப்பில படைச்சது, அவங்களிலயும் நல்லவங்க கெட்டவங்க எண்டு ஈக்கிறாங்க எண்டு சொல்லி, பிறகு படத்தின்ர பேரைக் கேட்டா. சொன்னன். தான் பாக்கமாட்டாவாம், மகனுக்கு வேணுமாம். படத்திலயும் காத்தோட தான் அவை வருவினம், பயம் எங்க இருக்கோ அங்க வருவினம், உனக்குப் பெறுமதியான ஒரு சாமானை எடுத்து வச்சுக்கொண்டா பிறகு உன்னை விடமாட்டினம். டோர்சாட பொம்மை அப்பிடித்தான் போகுது. தாயிட்ட இருந்து போறதும் இருக்கு.

அதுக்குள்ள ஷிதேக்கெண்டு இருக்கிற ஒரே சந்தோஷம் ஹொலிவூட் நடிகை ஜேன் பொண்டாட எக்சர்சைஸ் வீடியோ. அந்தக் காலம் அங்க டெக் (வீடியோ பிளேயர்) வச்சிருக்கிறதே தடை. ஆராவது கதவைத் தட்டினா முதல்ல டெக்கை ஒளிக்கவேணும், பிறகு தலையை மூடவேணும், பிறகு தான் கதவு. எங்கட பக்கம் அதே 80களில டெக் வாடகைக்கு எடுத்து ஜெனரேட்டர் வச்சு ஊரே கூடி விடிய விடிய ரெண்டு மூண்டு படம் பாத்த கதை எல்லா வீட்டிலயும் இருக்கு. இவள் வரவேற்பறையில தனிய நிண்டு, வியர்க்க வியர்க்க, பல்லைக் கடிச்சுக்கொண்டு காலைத் தூக்கி ஆடுறதைப் பாக்க, உடம்பு குறைக்கிறாள் எண்டு தோணாது, ஆரையோ அடிக்கிறாள் எண்டு தான் தோணும். நடிச்சது நர்கெஸ் ராஷிதி. சிரிக்காத, பிள்ளையிட்ட எரிஞ்சு விழுற, கோவம் வந்தா பிறகு குற்ற உணர்ச்சியில குழையிற ஒரு தாயை, எங்களுக்குப் பிடிக்கவேணும் எண்டு ஒரு இடத்திலயும் கெஞ்சாம நடிச்சிருக்கிறா. மகளா வாற அவின் மன்ஷாதியும் அப்பிடித்தான், சினிமாக் குழந்தையின்ர செல்லக் கதை ஒண்டும் இல்ல, காய்ச்சலில கிடந்து சிணுங்கிற சாதாரணப் பிள்ளை.

நடுவில ஒரு சீன். ராவில வீட்டுக்குள்ள எதையோ கண்டு பயந்து ஷிதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுறாள். தலையில துணியில்ல. தப்பிட்டம் எண்டு நாங்க மூச்சு விடேக்க ரோந்து வண்டி வந்து நிக்குது. அவளைக் காப்பாத்த இல்ல, தலையை மூடாம ரோட்டில வந்ததுக்குப் பிடிக்க. ஸ்டேஷனில வச்சுப் புத்திமதி, கசையடி கிடைக்கவேண்டிய குற்றம் எண்டு மிரட்டல், பிறகு ஒரு கறுப்புச் சாதரை (தலையில இருந்து கால் மட்டும் மூடுற துணி) போத்து அனுப்புறாங்கள். வீட்ட வந்து தன்ர உருவத்தையே கண்ணாடியில கண்டு திடுக்கிடுறாள். உள்ள ஜின், வெளிய பொலிஸ், எதுக்குக் கூடப் பயப்பிடுறது எண்டு கேட்டா ஒரு பதிலும் இல்ல.

கொழும்பில இருந்த தமிழ் ஆக்களுக்கு இந்தச் சீனுக்குச் சப்டைட்டில் தேவையில்ல. 2007 ஏப்ரல் 29 விடியப்புறம், உலகக் கிண்ண கிரிக்கெட் பைனல், அவுஸ்திரேலியாட கில்கிறிஸ்ட் 149 அடிச்சு எங்கட வயித்தில அடிச்சிட்டுப் போய், எங்கட ஆக்கள் துரத்திக்கொண்டு இருக்கேக்க முழுக் கொழும்புக்கும் கரண்ட் போனது. புலிகளிட விமானம் கொலன்னாவைப் பக்கம் எண்ணெய்க் குதத்துக்குக் குண்டு போட வந்திருக்கு, வானத்தில சேர்ச் லைட், சிவப்புச் சிவப்பாச் சூடு. பக்கத்துச் சிங்களக் குடும்பங்கள் மொட்டை மாடிக்கு ஏறிப் பாத்தவை. எங்களை அம்மா பல்கனிக்குக் கூட விடேல்ல. டோர்ச் அடிக்க விடேல்ல, மெழுகுதிரி கொளுத்த விடேல்ல, விமானத்துக்குச் சிக்னல் காட்டினது எண்டு ஆராவது சொன்னா அவ்வளவு தான். இருட்டுக்குள்ள அப்பாவும் நானும் அண்ணாவும் நிலத்தில இருந்தம், அம்மா கைப்பையை மடியில வச்சுக்கொண்டு. அதுக்குள்ள எல்லாற்ற ஐ.டி.யும், பொலிஸ் பதிவுத் துண்டும், அதின்ர போட்டோக் கொப்பியும், கொப்பியின்ர கொப்பியும். அந்த வருஷம் ஜூன் மாசம் தான் லொட்ஜுகளில இருந்த தமிழ் ஆக்கள் 300க்கு மேற்பட்டவையைப் பஸ்ஸில ஏத்தி வவுனியாப் பக்கம் அனுப்பினது, உயர் நீதிமன்றம் தான் அதை நிப்பாட்டினது. பஸ்ஸில குண்டு வெடிக்கும் எண்டு ஒரு பயம், செக்பொயின்டில இறக்குவாங்கள் எண்டு இன்னொரு பயம், பஸ் ஏற முதல் அம்மா பொட்டை விரலால அழிச்சுப்போட்டு அந்த விரலைச் சாரியில துடைப்பா. இறங்கினாப் பிறகு கைப்பையில இருந்து புதுப்பொட்டு. ஷிதே காரில ஏறி இறங்கி, துணியைப் போத்துக் கழட்டுறதைக் காட்டேக்க நான் அம்மாவைத் திரும்பிப் பாத்தன். அவ ஒரு விஸ்கோத்தை எடுத்துத் தேத்தண்ணியில தோய்ச்சுக்கொண்டு இருந்தா.

குறை இல்லாம இல்ல. கடைசிப் பதினைஞ்சு நிமிஷம் வழமையான பேய்ப்பட வேலைக்குப் போயிடுது, திடீர் சத்தம், திடீர் உருவம், முகமில்லாத சாதர் துணி வீடு முழுக்கப் பறக்குது. அந்தத் துணி ஏன் அந்த வடிவத்தில வருது எண்டு விளங்குது, ஸ்டேஷனில வச்சு அவளுக்குப் போத்துவிட்ட அதே துணி தான், ஆனா கொம்ப்யூட்டரில செய்த மாதிரித் துருத்திக்கொண்டு நிக்குது. அம்மா "பெட்ஷீட் பறக்குது" எண்டு விழுந்து விழுந்து சிரிச்சவ, பிள்ளை எழும்பிடுவாள் எண்டு வாயைப் பொத்தவேண்டியதாப் போச்சு. அதுக்கு முதல் இருந்த ஒரு மணித்தியாலத்தில சீலிங் வெடிப்பையும் ஒட்டின டேப் விடுபடுறதையும் காட்டியே நகத்தைக் கடிக்க வச்ச ஆளுக்கு இது தேவையில்ல. முடிவு எப்பிடி எண்டு சொல்லமாட்டன், பிறகு வந்து ஏசுவீங்கள்.

அன்வரி இதுக்கு முதல் 2011ல 'டூ அண்ட் டூ' எண்டு ஒரு குறும்படம் எடுத்தவர், ஒரு வாத்தியார் வகுப்பில ரெண்டும் ரெண்டும் அஞ்சு எண்டு படிப்பிப்பார், அவ்வளவு தான் கதை, தேடிப் பாருங்கோ, ஏழு எட்டு நிமிஷத்தில வயிறு கலங்கும். 'அண்டர் த ஷேடோ' 2016 ஜனவரியில அமெரிக்காவில சண்டான்ஸ் திரைப்பட விழாவில முதல் காட்டினது, 2017ல பிரிட்டிஷ் சினிமா விருதான பாஃப்டாவில புதுமுகப் பிரிட்டிஷ் படைப்பாளிக்கான விருது கிடைச்சது, அந்த வருஷத்து ஆஸ்காருக்கு வேற்றுமொழிப் பிரிவில பிரிட்டன் அனுப்பின படமும் இது தான். நொமினேசன் வரேல்ல. பகிடி என்னெண்டா, அதே வருஷம் அந்தப் பிரிவில வெண்டது ஈரான் அனுப்பின படம்.

இந்த பிரிட்டன் விஷயம் எனக்கு மண்டைக்குள்ள நிண்டுட்டுது. ஈரானில பிறந்த ஒரு பெடியன் தன்ர தாயின்ர பயத்தைத் தன்ர மொழியில எடுத்து, அதைப் பிரிட்டன் தன்ர படம் எண்டு ஆஸ்காருக்கு அனுப்புது. லண்டனில ஈஸ்ட்ஹாமிலயும் ஹரோவிலயும் எங்கட பிள்ளையள் எத்தினை பேர் சினிமா படிக்கினம், குறும்படம் எடுக்கினம், ஆனா எங்கட கதை எண்டா உடன துவக்கு, சீருடை, ஸ்லோ மோஷன், பின்னணியில புல்லாங்குழல். கைக்குழந்தையோட மாமியார் வீட்டுக்கும் பங்கருக்கும் நடுவில நிண்ட ஒரு சயன்ஸ் டீச்சரை ஒருத்தரும் படமா எடுக்கமாட்டினம். போராளி பற்றி எடுக்கலாம், புகழஞ்சலி எடுக்கலாம், எரிஞ்சு விழுற அம்மா பற்றி எடுத்தா ஆர் காசு தருவினம் எண்டு கேப்பினம். இதுக்குக் குடுத்திருக்கினமே. ஒரு பிளாட், ரெண்டு ஆக்கள், கொஞ்சம் டேப். அன்வரிட அப்பாவும் டொக்டர், அவரையும் போருக்குக் கூப்பிட்டு, தாய் பிள்ளையளோட தனிய நிண்டிருக்கிறா, அந்தக் காலத்துப் பயத்தில இருந்து தான் கதையே வந்தது.

படம் முடிஞ்ச அடுத்த நாள் அம்மா கனடாவில இருக்கிற சின்னம்மாவுக்கு போனில கதை சொல்லிக்கொண்டு இருந்தா, நான் குசினிக்குள்ள இருந்து கேட்டுக்கொண்டு இருந்தன். பாதிக் கதை சரி, பாதி அவவே எழுதினது. அம்மாட வேர்ஷனில இராஜின்ர தாய் வீட்ட வந்து நிக்கிறா, சீலிங் வெடிக்கிறதே அவ வந்த பிறகு தான். "மாமி தான் அந்த ஜின், விளங்குதே" எண்டு சின்னம்மாட்டச் சொல்றா. ஷிதே போர் முடிஞ்சு டொக்டராகி, மகளும் டொக்டராம், ரெண்டு பேரும் இப்ப ஜெர்மனியிலயாம். அங்கால சின்னம்மா அழுகிற சத்தம் கேக்குது.

ஆராவது தமிழில சப்டைட்டில் செய்து வச்சிருந்தா எனக்கு அனுப்புங்கோ, சின்னம்மா படத்தைக் கேட்டு நிக்கிறா, உண்மைக் கதையைப் பாத்தா அம்மாவோட கதைக்கமாட்டா எண்டு தான் நினைக்கிறன்.